எழுதுகோல் கைவந்த வரலாறு

எண்ணையும் எழுத்தையும் மனிதனுக்கு இரு கண்களாகக் கண்டவர் வள்ளுவர். கல்வி இல்லாதவனுக்கு முகத்தில் விழி இருந்தும் பயன் இல்லை என்பது அப்பெருந்தகையின் கருத்து. அக்கருத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் வேறொரு வினா எழுகிறது. முகத்தில் விழி இல்லாத ஒருவருக்கு எழுத்து என்னும் கண்ணை யார் கொடுப்பது? படிப்பதற்கு மட்டும் கொடுத்தால் போதுமா, எழுதுவதற்கும் கொடுக்க வேண்டாமா? இவ்வினாவுக்கு உலகம் விடை தேடிய வரலாறு ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுக் காலம் நீள்வது. அவ்வரலாற்றின் கடைசி அத்தியாயம், நம் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் உள்ள கணினித் திரையில் இப்பொழுதுதான் எழுதப்பட்டு வருகிறது. தலைநகர்வாழ் தமிழ் மக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது என்று கருதி, ஆண்டு மலரில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பண்டைய நிலை

பார்வையில்லாப் புலவர் நம் நாட்டுக்குப் புதியவர் அல்லர். 17 ஆம் நூற்றாண்டில் தொண்டை நாட்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். திருக்கழுக்குன்றப் புராணம், திருவாரூர் உலா முதலிய நூல்களை இயற்றியவர். ஏட்டின் துணையின்றி மனத்திலேயே எழுதிப் படித்தவர் என்று புகழ் பெற்றவர். அதே நூற்றாண்டில் ஆங்கில நாட்டில் மில்ட்டன் தம் பார்வையை இழந்த பின்னரே தமது பெருங்காப்பியத்தைச் சொல்லிச் சொல்லிப் பிறரைக் கொண்டு எழுதுவித்தார். அது 1667 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவ்விருவரின் பெருமையைப் பேசும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். சொல்ல ஒருவர், எழுத மற்றொருவர் என்ற நிலையில், சொன்னது சொன்னபடியே ஏடேறியதா என்று சரிபார்க்க அவர்களுக்கு வழி இல்லை. ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானாலும் இன்னொருவர் வந்து அமரும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். தாம் எழுதியதைத் தாமே படித்துத் தாமே திருத்துவது என்பது நமக்கு மிக எளிய செயல். ஆயின் பார்வையற்றோருக்கு அது பல நூற்றாண்டுகள் கிட்டாக்கனியாகவே இருந்தது.

ஆறு புள்ளிகள்

1780களில் பாரிஸ் நகரில் வாலந்தேன் ஆவி என்பவர் பார்வையற்ற சிறுவர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். வழக்கமான ரோமன் எழுத்துகளையே காகிதத்தில் மேடுபடுத்தி, விரலால் தடவிப் படிக்கச் செய்தார். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்நூல்கள் மிகப் பருமனாக இருந்தன. அவற்றை மாணவர் படிக்கலாமேயன்றி, அவ்வாறு தாமே எழுத இயலாது. பார்வையுள்ளவர் தமக்கு எது எளிதோ அதையே பார்வையற்றவருக்கும் கொடுத்தனர் என்பதே அதன் குறை. இக்குறையை நினைவில் வைத்துக் கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன். இருநூறு ஆண்டு கழித்து இதே குறை மீண்டும் தலைகாட்டப் போகிறது.

அப்பள்ளியில் 1819 ஆம் ஆண்டில் சேர்ந்த சிறுவன் லூயி பிரெயில். 1809 இல் பிறந்தவன். தந்தையின் தோல் பட்டறையில் கூர்மையான கருவியொன்று கண்ணில் பட்டுப் பார்வையை இழந்தவன். இருட்டில் படிப்பதற்காகச் சார்லஸ் பார்பியே என்பவர் வகுத்திருந்த 12 புள்ளி முறையை அறிந்த பிரெயில், அதை 6 புள்ளிகளாகச் சுருக்கித் தம் பதினைந்தாம் வயதிலேயே ஓர் எழுத்து முறையை உருவாக்கினார். 1829 இல் அது நூலாக வெளிவந்தது. ஒரு சட்டமும் ஓர் ஊசியும் இருந்தால் எவரும் அதில் எழுதலாம். தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும்.

பள்ளியை நடத்தியவர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. தாங்கள் கண்ணால் படிக்க இயலாத எழுத்தை மாணவர் எழுதுவது அவர்களுக்கு உவப்பாக இல்லை போலும். மாணவர்களோ அதை விடவில்லை. பிரெயில் 1852 இல் மறைந்தார். அவரது முறை பிரான்சில் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது 1854 இல். ஆவியின் எழுத்து தோற்றுப் பிரெயிலின் எழுத்து வென்றதற்குக் காரணம், பின்னதை விரலால் விரைந்து படிக்கலாம் என்பது மட்டுமன்று. அதை எழுதவும் முடிந்தது என்பதே.

பாரத நாட்டில்

நம் நாட்டில் பார்வையற்றோருக்கான முதற் பள்ளி 1887 இல் அமிர்தசரஸில் தோன்றியது. தமிழ் மண்ணில் 1890 இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் இப்பணியைத் தொடங்கினார். ஆயினும் அந்நாளில் ஒவ்வொரு மொழியினரும் ஒவ்வொரு பிரெயில் முறையைக் கையாண்டனர். ஒரு பகுதியில் கற்றவர் மற்றொரு பகுதி நூலைத் தொட்டால் பொருள் விளங்காது.

விடுதலைக்குப் பின் 1951 இல் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் அமைந்தது. ஒலி ஒன்றானால் புள்ளியும் ஒன்று என்பதே பாரதி பிரெயிலின் அடிப்படை. தமிழ்க் ககரத்துக்கும், இந்திக் ககரத்துக்கும், ஆங்கிலத்தின் கே எழுத்துக்கும் 1, 3 என்னும் அதே இரு புள்ளிகள்தாம். இன்னொரு சிறப்பும் உண்டு. நாம் 'கொ' என்று எழுதும்போது கொம்பை முன்னும் காலைப் பின்னுமாக இடுகிறோம். பிரெயிலிலோ ககரத்தை அடுத்து ஒகரம் வரும். செவியில் விழும் வரிசையே விரலில் படும் வரிசை.

தட்டச்சும் கணினியும்

பிரெயிலில் எழுதினால் பார்வையுள்ளவர் படிக்கமாட்டார். ஆகவே பார்வையுள்ளவருக்கு எழுத வேறு கருவி தேவைப்பட்டது. தட்டச்சுப் பொறியின் முன்னோடிகளுள் ஒன்று இத்தேவையிலிருந்தே பிறந்தது என்பதைப் பலர் அறியார். 1808 ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியில் பெல்லகிரீனோ துர்ரி என்பவர், பார்வை இழந்த கரோலினா பான்டோனி என்னும் சீமாட்டிக்காக ஒரு பொறியைச் செய்தளித்தார். அப்பொறி இன்று இல்லை. அதில் அவ்வம்மையார் அடித்த கடிதங்கள் சில எஞ்சியிருக்கின்றன.

தட்டச்சுப் பொறி பின்னாளில் எங்கும் பரவியபோது பார்வையற்றோர் பலர் அதில் தேர்ச்சி பெற்றனர். ஆனால் ரிப்பனில் மை காய்ந்துவிட்டாலும் அடிப்பவருக்குத் தெரியாது. இடையில் தொலைபேசி மணி அடித்தால், விட்ட இடம் எது என்று தொட்டுப் பார்க்க இயலாது. 1951 இல் அமெரிக்காவின் பெர்க்கின்ஸ் பள்ளியிலிருந்து வெளிவந்த பிரெயில் தட்டச்சுப் பொறி, எழுதும்போதே தாளைத் தடவிப் படிக்க உதவியது. எனினும் அதுவும் பிரெயில் அறிந்தவர்க்கே பயன்பட்டது. ஒன்றில் எழுதினால் பிறர் படிக்கலாம், தாம் படிக்க முடியாது. மற்றொன்றில் எழுதினால் தாம் படிக்கலாம், பிறர் படிக்க முடியாது. இவ்விரு கரைகளுக்கும் பாலம் போட்டது கணினி.

1980களின் நடுவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜிம் தாட்சர், கணினித் திரையிலுள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக் காட்டும் ஏற்பாட்டை உருவாக்கினார். இத்தகைய மென்பொருளை ஸ்கிரீன் ரீடர் என்பர். நாம் திரைவாசிப்பான் என்போம். 1978 இல் ஒரு விபத்தில் பார்வை இழந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டர், 1989 இல் ஜாஸ் என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டார். அது சிறந்த கருவி. ஆனால் விலை மிகுதி. எளிய குடும்பத்தார் வாங்க இயலாத நிலையை மாற்றியவர், ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற இளைஞர். 2006 இல் அவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை எவரும் விலையின்றிப் பெறலாம். ஜேம்ஸ் டே என்னும் மற்றொரு பார்வையற்ற நண்பரும் அவருடன் இணைந்தார்.

திறந்த வீட்டில் ஒரு பூட்டு

டிம் பெர்னர்ஸ் லீ 1990 இல் உருவாக்கிய முதல் இணைய உலாவி, பக்கங்களைப் படிக்க மட்டுமன்றி எழுதவும் உதவியது. அதன் பின் வந்த உலாவிகள் பெரும்பாலும் படிப்பதற்கே அமைந்தன. எழுதுவதற்குச் சிறு பெட்டி ஒன்று இருந்தது. அழகற்ற அந்தப் பெட்டியில் பார்வையற்றோர்க்குத் தொல்லை ஏதும் இல்லை. பெட்டியின் பெயர் என்ன, உள்ளே என்ன எழுத்து இருக்கிறது, கர்ஸர் எங்கே நிற்கிறது என்பன அனைத்தையும் உலாவியே திரைவாசிப்பானுக்குச் சொல்லிவிடும்.

இரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இது பிளாக் மணியை நினைவூட்டுகிறது. அடுத்த நிலையத்திலிருந்து புறப்படும் வண்டியை நிலைய அதிகாரி கண்ணால் காண்பதில்லை. அங்கிருந்து பிளாக் கருவியில் வரும் மணியே அவருக்குச் செய்தி. மணி ஒழுங்காக வரும்வரை கண்ணால் காணவேண்டிய தேவையே இல்லை. மணி வராவிட்டாலோ, வண்டி தண்டவாளத்தில் இருந்தும் அவரளவில் அது இல்லாத வண்டிதான். திரைவாசிப்பானுக்கும் உலாவிக்கும் உள்ள உறவும் இத்தகையதே.

2000 ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5, பக்கத்தின் எப்பகுதியையும் எழுதத்தக்கதாக மாற்றும் வசதியைத் தந்தது. தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, அட்டவணை, படம் என எல்லாம் கொண்ட எழுதும் பெட்டிகள் இணையத்தில் பெருகின. கணினித் துறையினர் இவற்றை எடிட்டர் என்பர். கண்ணுக்கு இனிய இந்த எடிட்டர்களில் மணி நின்று போயிற்று. பொத்தான்கள் வெறும் படங்களாக இருந்தன. அவற்றுக்குப் பெயர் இடுவார் இல்லை. திரைவாசிப்பான் 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகும். எது தடித்த எழுத்து, எது அழிப்பது என்று யார் அறிவர்? டேப் விசையை அழுத்தினால் அடுத்த இடத்துக்குப் போகாமல் எடிட்டருக்குள்ளேயே இடைவெளி விழும். மௌஸ் பிடிக்காதவர் உள்ளே போகலாம், வெளியே வர இயலாது. சக்கரவியூகத்துள் புகுந்த அபிமன்யுவின் நிலை அது.

2010 இல் கூகுள் டாக்ஸ், உலாவியின் எழுதும் வசதியை ஒதுக்கிவிட்டு, வரிகளை அமைப்பதையும் கர்ஸரை வரைவதையும் தானே மேற்கொண்டது. திரையில் எழுத்துத் தெரிந்தது; திரைவாசிப்பானுக்கு மணி கேட்கவில்லை. 2011 மார்ச்சில் அமெரிக்கப் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு, இக்கருவிகளைப் பல்கலைக்கழகங்கள் மாணவர்மீது சுமத்துவது முறையன்று என்று அந்நாட்டு நீதித்துறையிடம் முறையிட்டது. ஆவியின் பள்ளியில் நிகழ்ந்த அதே பிழை இங்கும் நிகழ்ந்தது. படிக்கக் கதவு திறந்தவர்கள், எழுதும் அறையைப் பூட்டிவிட்டார்கள்.

பூட்டுத் திறந்த விதம்

முறையீடும் அறிவும் சேர்ந்து வேலை செய்தன. உலகளாவிய இணையத் தர அமைப்பு 1999 இல் தன் முதல் அணுகல் நெறிகளை வெளியிட்டிருந்தது. 2008 இல் வந்த இரண்டாம் பதிப்பு, விசைப்பலகையால் புகுந்த இடத்திலிருந்து விசைப்பலகையாலேயே வெளியேற முடிய வேண்டும் என்று விதித்தது. எழுதும் கருவிகளுக்கெனவே 2000 இலும் 2015 இலும் தனி நெறிகள் வெளிவந்தன. அவை இரண்டு கடமைகளைச் சொல்கின்றன. எழுதும் கருவியை மாற்றுத்திறனாளிகள் கையாள முடிய வேண்டும். அக்கருவியால் உண்டாகும் பக்கமும் அவர்கள் படிக்கத்தக்கதாக அமைய வேண்டும்.

2014 இல் அரியா என்னும் குறியீட்டு முறை நிலைபெற்றது. 'இது கருவிப்பட்டை, இது தடித்த எழுத்துக்கான பொத்தான், இப்பொழுது அழுத்தப்பட்டிருக்கிறது' என்று ஒவ்வொன்றையும் திரைவாசிப்பானுக்கு அறிவிக்க அது வகை செய்கிறது. தானே வரையும் எடிட்டர்களும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்மையான எழுத்துப் பெட்டியைப் பின்னால் வைத்து, கர்ஸர் நகரும்போதெல்லாம் அந்த வரியைத் திரைவாசிப்பானுக்கு ஓதுகின்றன. நின்று போன மணியைக் கையால் அடிப்பது போன்ற ஏற்பாடு அது. சி.கே. எடிட்டர், டைனி எம்.சி.ஈ. ஆகியவற்றில் ஆல்ட் விசையுடன் எஃப் 10 விசையை அழுத்தினால் எழுதும் இடத்திலிருந்து கருவிப்பட்டைக்குச் செல்லலாம். நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் வி.எஸ். கோட் எடிட்டரில், டேப் விசை இடைவெளி விட வேண்டுமா, அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுமா என்பதை கன்ட்ரோல் விசையுடன் எம் விசையை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். அபிமன்யுவுக்கு வெளியேறும் வழி சொல்லப்பட்டது.

தமிழுக்குரிய தனித் தொல்லை

தமிழ் எழுதுவோர்க்கு வேறொரு முள்ளும் வழியில் கிடந்தது. முன்னாளில் கணினித் தமிழ் என்பது பெரும்பாலும் எழுத்துருவின் மாயம். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணில் தமிழ் வடிவத்தை ஒட்டி வைத்தார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினியின் நினைவில் பொருளற்ற ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் நினைவில் இருப்பதையே படிக்கும். ஆகையால் அழகிய தமிழ்க் கவிதையும் அதன் வாயில் உளறலாயிற்று.

இந்நிலையில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான பன்மொழி எடிட்டர் பாராட்டுக்குரியது. இந்திய மொழிகளில் எழுதியதைக் குரலாகவும் தந்த அக்கருவியைக் கொண்டு, சென்னையில் வித்யா விருக்ஷா என்னும் தொண்டு நிறுவனம் பார்வையற்ற மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தது. பின்னர் யூனிகோட் முறை பரவி, 2010 இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. யூனிகோடில் 'கொ' என்பது ககரத்தின் பின் ஒகரக் குறியாகவே பதிகிறது. பாரதி பிரெயிலின் ஒலி வரிசையே இங்கும் அமைந்தது. இன்று என்.வி.டி.ஏ. தமிழில் பேசும்; தமிழ் எழுத்தைப் படிக்கும்.

தலைநகரில்

இப்பணியில் தில்லியின் பங்கு சிறிதன்று. லால் பகதூர் சாஸ்திரி சாலையிலுள்ள பார்வையற்றோர் நிவாரணச் சங்கம் 1944 இல் தோன்றியது. அங்கு நடைபெறும் தீபாவளிச் சந்தையில் மெழுகுவத்தி வாங்கிய நம்மவர் பலர். மெழுகுவத்தியும் பிரம்பு நாற்காலியுமே பார்வையற்றவரின் தொழில் என்று எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. தில்லித் தமிழ்ச் சங்கம் அமைந்துள்ள அதே இராமகிருஷ்ணபுரம் ஐந்தாம் செக்டாரில்தான் பார்வையற்றோர் தேசியச் சங்கத்தின் தில்லிக் கிளையும் இருக்கிறது. திருக்குறள் வகுப்புக்கும் நாடகத்துக்கும் செல்லும் நாம், அடுத்த வாயிலில் இளைஞர்கள் திரையைக் காணாமலே கணினி கற்பதை நினைத்துப் பார்த்ததுண்டா?

சட்டமும் துணை நிற்கிறது. 1995 ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2016 ஆம் ஆண்டுச் சட்டமும் அரசுப் பணிகளில் பார்வைக் குறையுடையோர்க்கு 100க்கு 1 இடம் ஒதுக்கின. சென்னையைச் சேர்ந்த பெனோ செபின், முழுதும் பார்வையற்றவராக இருந்தும் 2015 இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 2024 நவம்பரில் இராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருத்தல் ஆகாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர், மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை வாழும் உரிமையின் ஒரு கூறு எனத் தீர்ப்பளித்தனர்.

எனினும் பணியிடம் கிடைத்துவிட்டால் பணி செய்ய முடிந்துவிடும் என்பதில்லை. கோப்புகள் கணினிக்கு ஏறிவிட்ட இக்காலத்தில், குறிப்பெழுதும் பச்சைத் தாளும் ஓர் எடிட்டர்தான். கோப்பைப் படிக்க முடிந்து, குறிப்பெழுத முடியாவிட்டால் அந்த எழுத்தர் என் செய்வார்? பக்கத்து நாற்காலிக்காரரை அழைத்துச் சொல்லி அடிக்கச் செய்வார். மேலதிகாரியோ, 'இவரால் தனித்து வேலை செய்ய இயலாது' என்று முடிவு கட்டுவார். பொத்தானுக்குப் பெயரிட மறந்த ஒருவரின் கவனக்குறைவு, மற்றொருவரின் திறமைக் குறைவாகப் பதிவாகிறது. இதனினும் பெரிய அநீதி வேறு உண்டோ?

நம் கடமை

நம் காலனிக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் குருகிராமிலும் நொய்டாவிலும் மென்பொருள் துறையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்யும் எழுதும் பெட்டி எதுவாயினும், மௌஸை ஒதுக்கி வைத்து விசைப்பலகையால் மட்டும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். என்.வி.டி.ஏ.வை நிறுவி, திரையை அணைத்துவிட்டு ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். எழுதியதைத் திருத்த முடிகிறதா? தடித்த எழுத்து எங்கே என்று செவிக்குத் தெரிகிறதா? உள்ளே சென்ற வழியே வெளியே வர முடிகிறதா? அரை மணி நேரச் சோதனை ஒருவரது ஆயுட்கால வேலையைக் காப்பாற்றக்கூடும்.

மற்றவர்களாகிய நமக்கும் வேலை உண்டு. சங்கத்தின் அழைப்பிதழைப் படமாக மட்டும் வாட்ஸாப்பில் அனுப்பினால் திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத் தாள். விழாவின் நாளையும் நேரத்தையும் கீழே எழுத்தாகவும் இட்டால் எல்லார்க்கும் செய்தி சேரும். மலர்க் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம்: அச்சுக்குப் பழைய எழுத்துருவைப் பயன்படுத்தினாலும், கட்டுரைகளை யூனிகோடிலும் பாதுகாத்து, வேண்டுவோர்க்கு வழங்குதல் நலம். பார்வையற்ற தமிழர் ஒருவர் இம்மலரைத் தாமே படிப்பார். படித்து, அடுத்த ஆண்டு மலருக்குத் தம் கையாலேயே ஒரு கட்டுரை எழுதி அனுப்புவார். அன்றுதான் இவ்வரலாறு நிறைவு பெறும்.